ஒரு பிளாக், ஒரு மீட்டர்: மைன்கிராஃப்டில் கட்டிக்கொண்டே கணக்கும் புவியியலும்

கனசதுரப் பிளாக்குகளை அடுக்கிக் கட்டும் கணினி விளையாட்டான மைன்கிராஃப்டில் ஒரு பிளாக் என்பது நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 1 மீட்டர். இந்த விளையாட்டை வைத்துக் கணக்குப் படிக்க முடிவதற்கு அடிப்படையே இந்த விதிதான். 12 பிளாக் நீளமும் 9 பிளாக் அகலமும் உள்ள அறைக்குத் தரை போட 108 பிளாக் பிடிக்கும். அந்தத் தரையின் ஓரத்தின்மேல் 4 பிளாக் உயரத்துக்குச் சுவர் எழுப்ப எத்தனை வேண்டும்? சுற்றளவு 42, அதை 4ஆல் பெருக்கினால் 168 என்று உடனே சொல்லிவிடுவோம். கட்டி முடித்தால் 152தான் செலவாகியிருக்கும். மீதம் 16.

எங்கே பிசகியது? ஒவ்வொரு மூலையிலும் நிற்கும் பிளாக்கை நீளச் சுவரிலும் ஒருமுறை, அகலச் சுவரிலும் ஒருமுறை எண்ணிவிட்டோம். நான்கு மூலை, நான்கு வரிசை, ஆகவே 16 கூடுதல். சுவரைத் தரையின் ஓரத்தில் வைக்காமல் அதற்கு வெளியே வைத்தால் மூலைகள் குறைபடும், 184 வேண்டும். சூத்திரத்தில் தவறே இல்லை. அது தடிமன் இல்லாத கோட்டுக்கானது, நம் சுவருக்கோ 1 மீட்டர் தடிமன் இருக்கிறது.

விளையாட விட்டுவிட்டால் கணக்கு தானாக வந்துவிடும் என்று நம்பிவிட வேண்டாம். மாதக்கணக்கில் மாளிகை கட்டும் பிள்ளைகள் ஒரு பெருக்கல்கூடப் போடாமல் கட்டுவார்கள், அதற்கு விளையாட்டு இடம் கொடுக்கிறது. முதலில் கணக்கிட்டுத் தாளில் எழுத வேண்டும், பிறகு கட்ட வேண்டும், கடைசியில் எண்ண வேண்டும். இரண்டு எண்ணும் ஒத்துப்போகாத இடத்தில் நின்று ஏன் என்று கேட்கும்போதுதான் படிப்பு நடக்கிறது.

தேவையானவை கொஞ்சம்தான். கிரியேட்டிவ் மோடில் (பிளாக்குகள் வேண்டிய மட்டும் கிடைக்கும், பறக்கவும் முடியும்) ஒரு சூப்பர்ஃபிளாட் உலகம், அதாவது மேடு பள்ளம் இல்லாத சமதள உலகம், கட்டம் போட்ட நோட்டு, பென்சில், கால்குலேட்டர். கணினியில் ஓடும் ஜாவா பதிப்பில் எஃப்3 பொத்தானை அழுத்தினால் நிற்கும் இடத்தின் எண்கள் தெரியும். கைப்பேசியில் ஓடும் பெட்ராக் பதிப்பில் உலக அமைப்புகளுக்குள் ஆயத்தொலைவுகளைக் காட்டும் தேர்வை இயக்க வேண்டும். காசு கொடுத்து வாங்க இயலாதவர்களுக்கு லுவான்டி இருக்கிறது. மைன்டெஸ்ட் என்ற பெயரில் இருந்த அதே இலவச மென்பொருள்தான், அதிலும் ஒரு கட்டம் 1 மீட்டர்.

அச்சுகள்

பள்ளி வரைபடத்தாளில் எக்ஸ் அச்சு கிடைமட்டம், ஒய் அச்சு செங்குத்து. மைன்கிராஃப்டில் ஒய் என்பது உயரம். தரையில் கிழக்கு–மேற்கு எக்ஸ், வடக்கு–தெற்கு இசட். கிழக்கே போகப் போக எக்ஸ் கூடும். தெற்கே போகப் போக இசட் கூடும், வடக்கே போனால் குறையும். புதியவர்கள் தடுமாறும் முதல் இடம் இது. தாளில் மேலே போனால் எண் கூடும் என்ற பழக்கத்தில் வரைந்தால், கட்டி முடித்தது தலைகீழாக இருக்கும். லுவான்டியில் வடக்கே போனால் இசட் கூடும் என்பதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை. ஒன்றில் வரைந்த திட்டத்தை மற்றதில் அப்படியே போட்டால் மட்டும் கவிழும்.

இன்னொரு பொறி எண்ணுவதில். எக்ஸ் 10இலிருந்து 20 வரை சுவர் வைத்தால் 10 பிளாக் அல்ல, 11. கழித்தால் கிடைப்பது இடைவெளி, பிளாக் எண்ணிக்கைக்கு அதோடு 1 கூட்ட வேண்டும். நடுவில் ஒரு பிளாக்கை வைத்து இரு புறமும் சமமாகக் கட்டுவதானால் மொத்தம் எப்போதும் ஒற்றைப்படையாகத்தான் வரும். −5 முதல் 5 வரை 11.

பிதாகரஸ் தேற்றத்தை நடந்தே பார்க்கலாம். (0, 0) புள்ளியில் ஒரு தூண் நடுங்கள். கிழக்கே 300, பிறகு தெற்கே 400 பிளாக் நடங்கள். பாத்திரத்தின் சாதாரண நடை வேகம் நொடிக்கு 4.317 பிளாக், ஆகவே 700 பிளாக்குக்கு ஏறத்தாழ 162 நொடி. திரும்பும்போது குறுக்கே தூணை நோக்கி நேராக நடந்தால் 500 பிளாக், 116 நொடி. கைக்கடிகாரத்தில் 46 நொடி மிச்சமாவது தெரியும். எந்தத் திசையில் நடப்பது? 300ஐ 400ஆல் வகுத்தால் 0.75. அந்த டேன்ஜெண்ட் மதிப்புக்கு உரிய கோணம் 36.9 பாகை. வடக்கிலிருந்து மேற்குப் பக்கமாக அவ்வளவு திரும்ப வேண்டும். எஃப்3 திரையில் வடக்கு 180, மேற்கு 90 என்று காட்டும். எனவே முகம் 143.1 காட்டும்வரை திரும்பிவிட்டு நேரே நடந்தால் தூணில் போய் முட்டலாம்.

விளையாட்டுக்குள் இருக்கும் திசைகாட்டியை இதற்கு நம்பக்கூடாது. அதன் முள் வடக்கைக் காட்டாது, உலகம் தொடங்கிய இடத்தைக் காட்டும். வடக்கை அறிய, மேலே எப்போதும் வடக்கு இருக்கும்படி வரையப்படும் விளையாட்டு வரைபடத்தைப் பாருங்கள். அல்லது சூரியன் உதிக்கும் பக்கத்தைக் கிழக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சதுரங்களால் ஒரு வட்டம்

ஆரம் 10 உள்ள வட்டத்தைப் பிளாக்குகளால் எப்படிப் போடுவது? நடுப் பிளாக்கிலிருந்து எக்ஸ் எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அதன் வர்க்கத்தை 100இலிருந்து கழித்து வர்க்கமூலம் எடுத்தால் இசட் கிடைக்கும். எக்ஸ் 4 என்றால் 100 − 16 = 84, மூலம் 9.17, முழுமையாக்கினால் 9. எக்ஸ் 6க்கு 64, சரியாக 8. இப்படியே போட்டுக்கொண்டு போனால் எக்ஸ் 8 வரை வட்டம் அழகாக வரும், பிறகு கிழியும். எக்ஸ் 9க்கு இசட் 4, எக்ஸ் 10க்கு இசட் 0. இரண்டுக்கும் நடுவில் மூன்று பிளாக் ஓட்டை.

வளைவு செங்குத்தாகும் பகுதியில் எக்ஸ் ஒன்று நகர்ந்தாலே இசட் பல படி இறங்கிவிடுகிறது, அதனால்தான் ஓட்டை. தீர்வு சமச்சீர். எட்டில் ஒரு பகுதியை மட்டும் கணக்கிடுங்கள்: எக்ஸ் 0 முதல் 3 வரை இசட் 10, 4, 5க்கு 9, 6க்கு 8, 7க்கு 7. இங்கே 45 பாகை வந்துவிடும். அதற்குமேல் எக்ஸையும் இசட்டையும் இடம் மாற்றிக்கொண்டால் போதும். (4, 9) இருந்தால் (9, 4) இருக்கும், (5, 9) இருந்தால் (9, 5) இருக்கும். பிறகு குறிகளை மாற்றி மற்ற மூன்று கால்பகுதிகளுக்கும் பிரதி எடுங்கள். முழு வட்டம், எங்கும் ஓட்டை இல்லை.

இப்போது எண்ணுங்கள். ஓரத்தில் 56 பிளாக் இருக்கும். சூத்திரப்படி சுற்றளவு 2 × 3.14 × 10 = 62.8. கிட்டத்தட்ட 7 எங்கே போனது? பக்கத்துப் பிளாக்குக்கு நேராக நகர்ந்தால் 1 மீட்டர். மூலை வழியாகக் குறுக்கே நகர்ந்தால் 1.414 மீட்டர், அதற்கும் ஒரே பிளாக்தான் செலவு. இந்த வட்டத்தில் 32 நேர் நகர்வுகள், 24 குறுக்கு நகர்வுகள். அதைச் சேர்த்துக் கூட்டினால் 65.9 வரும். இப்போது கூடிவிட்டது, ஏனென்றால் நம் பாதை வழவழப்பாக வளையாமல் நெளிந்து நெளிந்து போகிறது.

பரப்பளவில் நிலைமை வேறு. வட்டத்தின் உள்ளே முழுவதும் நிரப்பி எண்ணினால் 349 பிளாக். ஆரம் 10 என்று போட்டால் 314தான் வர வேண்டும், 35 அதிகம். ஆனால் ஓரப் பிளாக்கின் நடுப்புள்ளி வரைக்கும்தான் 10. அதன் வெளி விளிம்பு இன்னும் அரைப் பிளாக் தள்ளி இருக்கிறது. உண்மையான விட்டம் 21, ஆரம் 10.5. இப்போது பரப்பளவு 346.4, எண்ணியது 349, ஒரு சதவீதத்துக்கும் குறைவான பிழை. ஒரே வட்டம் பரப்பில் நம்பகமாகவும் சுற்றளவில் ஏமாற்றும்விதமாகவும் இருப்பதைக் காட்டப் பிளாக்கைவிட நல்ல பொருள் கிடைப்பது கடினம். வட்டம் பெரிதானால் பரப்புப் பிழை சுருங்கும். சுற்றளவுப் பிழை அப்படியே நிற்கும்.

கீசாவின் பெரிய பிரமிடு

அடுத்தது சரிவும் கனஅளவும். கீசாவின் பெரிய பிரமிடுக்கு அடிப்பக்கம் ஏறத்தாழ 230 மீட்டர், கட்டிய காலத்து உயரம் 146.6 மீட்டர். விளையாட்டில் பிரமிடு கட்டும் எல்லோரும் ஒரு தட்டு ஏறினால் ஒரு பிளாக் உள்ளே தள்ளி அடுத்த தட்டை வைப்பார்கள். அது 45 பாகைச் சரிவு. அப்படிக் கட்டினால் 230 அடிப்பக்கத்துக்கு உயரம் 115இல் முடிந்துவிடும், கீசா மாதிரி இல்லாமல் சப்பையாக இருக்கும்.

எகிப்தியர்கள் இந்தச் சரிவை ஒரு முழம் ஏறினால் எத்தனை உள்ளங்கை உள்ளே போக வேண்டும் என்று அளந்தார்கள். பண்டைய எகிப்தியக் கணக்கு ஏடான ரைண்ட் பாப்பிரஸில் இதே வகைக் கணக்குகள் இருக்கின்றன. அவர்கள் முழத்துக்கு 7 உள்ளங்கை. பெரிய பிரமிடின் சரிவு ஐந்தரை உள்ளங்கை. அதாவது 7 ஏறினால் 5.5 உள்ளே, இரட்டித்தால் 14 ஏறினால் 11 உள்ளே. பிளாக்கில் சொன்னால், ஒவ்வொரு 14 தட்டிலும் 3 தட்டுகளை உள்ளே தள்ளாமல் கீழ்த்தட்டின் அளவிலேயே திரும்ப வைக்க வேண்டும். 115ஐ 14ஆல் பெருக்கி 11ஆல் வகுத்தால் 146.4.

முழு அளவில் கட்டுவதற்கு முன் பத்தில் ஒரு பங்கு மாதிரி செய்யுங்கள். அடிப்பக்கம் 23, உயரம் 15. தட்டுகள் 23, 21, 19 என்று இரண்டிரண்டாகக் குறைந்து 1இல் முடிந்தால் 12 தட்டுதான் வரும், 2300 பிளாக் பிடிக்கும். உயரம் போதாததற்கு 17, 9, 3 அளவுள்ள தட்டுகளை இருமுறை வையுங்கள். 289 + 81 + 9 = 379 சேர்ந்து 2679. சூத்திரம் 23 × 23 × 15 ÷ 3 = 2645 என்கிறது. 34 பிளாக் வித்தியாசத்துக்குக் காரணம், சூத்திரத்தின் பிரமிடுக்குப் படி கிடையாது.

விளையாட்டில் சரக்கு வைக்கும் பெட்டியின் ஓர் அறையில் 64 பிளாக், இரண்டு பெட்டிகளை ஒட்டி வைத்த இரட்டைப் பெட்டியில் 54 அறை, ஆக 3456 பிளாக் கொள்ளும். சின்னப் பிரமிடு முழுவதும் ஒரே இரட்டைப் பெட்டிக்குள் அடங்கிவிடும், 12 அறை காலியாகவே இருக்கும். முழு அளவுப் பிரமிடின் கனஅளவு 25.85 லட்சம் கனமீட்டர். அதற்கு 748 இரட்டைப் பெட்டிகள் வேண்டும். நீளம் பத்து மடங்கானால் சரக்கு பத்து மடங்காகும் என்று நினைத்து வேலையைத் தொடங்கிய குழுக்கள் மூன்றாவது நாளே கைவிடுவது இதனால்தான். கனஅளவு ஆயிரம் மடங்காகிறது.

இலங்கைத் தீவை ஒரு மேசை அளவுக்கு

புவியியலுக்கு ஒரு தீவு வசதி. எல்லை எங்கே என்ற குழப்பம் இல்லை, சுற்றிலும் கடல். இலங்கை வடக்கு–தெற்காக ஏறத்தாழ 435 கிலோமீட்டர், அகலமான இடத்தில் சுமார் 225, பரப்பளவு 65,610 சதுர கிலோமீட்டர். ஒரு பிளாக்குக்கு 5 கிலோமீட்டர் என்று வைத்தால் 87க்கு 45 பிளாக் இடம் போதும். ஒரு பிளாக் 25 சதுர கிலோமீட்டர், ஆகவே தீவு முழுவதற்கும் சுமார் 2624 பிளாக்.

அட்சரேகையில் 1 பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர், நம் அளவில் 22 பிளாக். தீர்க்கரேகையின் 1 பாகை நிலநடுக்கோட்டை விட்டு விலக விலகச் சுருங்கும். இலங்கை நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அங்கே அதுவும் 110 கிலோமீட்டர்தான், அதே 22. எனவே 8 பாகை வடக்கு, 80 பாகை கிழக்கு சந்திக்கும் புள்ளியை (0, 0) என்று வைத்துக்கொண்டால், ஊரின் தீர்க்கரேகையிலிருந்து 80ஐக் கழித்து 22ஆல் பெருக்கினால் எக்ஸ். அட்சரேகையிலிருந்து 8ஐக் கழித்து 22ஆல் பெருக்கி மைனஸ் போட்டால் இசட்.

யாழ்ப்பாணம் 9.66 வடக்கு, 80.02 கிழக்கு: (0, −37). திருகோணமலை 8.58, 81.23: (27, −13). கொழும்பு 6.93, 79.85: (−3, 24). மட்டக்களப்பு 7.72, 81.69: (37, 6). இந்த நான்கு இடத்திலும் முதலில் தூண் நட்டுவிட்டுக் கரையை அதற்கேற்ப வரைவது நல்லது. மைனஸ் போட மறந்தால் யாழ்ப்பாணம் தெற்கே போய்விடும், உடனே கண்டுபிடித்துவிடலாம். சரிபார்க்கக் கொழும்பு–திருகோணமலை தூரம்: எக்ஸ் வித்தியாசம் 30, இசட் வித்தியாசம் 37, குறுக்கே 47.6 பிளாக், 238 கிலோமீட்டர். வான்வழித் தூரம் ஏறத்தாழ அதுதான். சாலை வளைந்து போவதால் கூடும்.

கரையோரத்துக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: கட்டத்தில் பாதிக்குமேல் நிலம் என்றால் பிளாக், இல்லையென்றால் தண்ணீர். இந்த விதியை அப்படியே பிடித்தால் ஆனையிறவு போன்ற ஒடுங்கிய நிலத்தொடர்ச்சி அறுந்து, யாழ் குடாநாடு தனித்தீவாகிவிடக்கூடும். அந்த இடத்தில் விதியை மீறி ஒரு பிளாக் வைப்பதே சரி. வரைபடம் வரைவோரும் இதைத்தான் செய்கிறார்கள். பரப்பளவைச் சற்றே விட்டுக்கொடுத்து, எது எதோடு ஒட்டியிருக்கிறது என்பதைக் காப்பாற்றுகிறார்கள்.

இனி உயரம். தீவின் உச்சி பீதுருதாலகாலை, 2,524 மீட்டர். பிளாக்குக்கு 5 கிலோமீட்டர் என்ற அதே அளவில் அது அரைப் பிளாக், ஒரு ஸ்லாப் வைத்தால் மலைநாடு முடிந்தது! பூமி உண்மையில் எவ்வளவு சமதளமானது என்பதை முதன்முறை பார்ப்பவர்கள் நம்பவே மாட்டார்கள். எனவே உயரத்துக்கு மட்டும் தனி அளவு தேவை: பிளாக்குக்கு 250 மீட்டர். 5000ஐ 250ஆல் வகுத்தால் 20, அதாவது மலைகளை 20 மடங்கு மிகைப்படுத்துகிறோம். மாதிரியின் பக்கத்தில் ஒரு பலகை நட்டு இதை எழுதிவைக்க வேண்டும். எழுதாவிட்டால் பார்ப்பவர்கள் அந்தச் சரிவை நிஜம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

தீவு முழுவதற்கும் ஒரு தட்டு. 250 மீட்டருக்கு மேலுள்ள பகுதிக்கு அதன்மேல் இரண்டாவது தட்டு, 500க்கு மேல் அடுத்தது, இப்படி அடித்தட்டுக்கு மேல் 10 தட்டு வரும். தட்டுக்கு ஒரு நிறமாகக் கம்பளிப் பிளாக் வையுங்கள். அநுராதபுரமும் யாழ்ப்பாணமும் அடித்தட்டிலேயே இருக்கும். நுவரெலியா 1,868 மீட்டர், அடித்தட்டுக்கு மேல் ஏழாவது தட்டு. பறந்து மேலே போய்க் கீழே பார்த்தால், தட்டுகளின் ஓரங்கள்தான் புத்தகத்தில் பார்த்த சமஉயரக் கோடுகள். கோடுகள் நெருங்கினால் செங்குத்து என்று மனப்பாடம் செய்த வரி இங்கே கண்ணுக்குத் தெரியும். ஹோர்ட்டன் சமவெளியின் ஓரத்தில் ‘உலக முடிவு’ என்ற இடத்தில் 800 மீட்டருக்கு மேல் பள்ளம் விழுகிறது, அங்கே மூன்று தட்டுகளின் ஓரம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்துவிடும்.

நாடுகளே செய்திருக்கின்றன

2013இல் பிரிட்டனின் நிலஅளவை நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வே, கிரேட் பிரிட்டனை ஒரு பிளாக்குக்கு 50 மீட்டர் என்ற அளவில் வெளியிட்டது, 2200 கோடி பிளாக். 2014இல் டென்மார்க்கின் புவித்தரவு முகமை ஒருபடி மேலே போய், நாடு முழுவதையும் ஒன்றுக்கு ஒன்று அளவில் போட்டது. அது டென்மார்க்குக்கு முடிந்ததற்குக் காரணம் எளிது. அங்கே மிக உயர்ந்த இயற்கை நிலமே 171 மீட்டர்தான், அன்றைய 256 பிளாக் உயர வரம்புக்குள் அடங்கிற்று. இப்போது வரம்பு −64 முதல் 320 வரை, 384 பிளாக். 8,849 மீட்டர் எவரெஸ்டுக்கு அது இன்றும் போதாது. டென்மார்க் மாதிரியில் டைனமைட்டைத் தடுத்திருந்தும், டைனமைட் ஏற்றிய சுரங்க வண்டிகளால் சிலர் சில பகுதிகளைத் தகர்த்து அமெரிக்கக் கொடி நட்டுவிட்டுப் போனார்கள்.

இலங்கைக்குப் போட்ட சூத்திரத்தை டென்மார்க்குக்கு அப்படியே எடுத்துப் போனால் நாடு அகலவாக்கில் இழுபடும். 56ஆம் அட்சரேகையில் தீர்க்கரேகையின் 1 பாகை 62 கிலோமீட்டர்தான், 22 பிளாக்குக்குப் பதில் 12. 111ஐ 56 பாகையின் கோசைனால் பெருக்கினால் அந்த 62 வரும்.

நம்பக்கூடாதவை

விளையாட்டே உருவாக்கும் நிலப்பரப்பை வைத்துப் புவியியல் படிப்பதில் எச்சரிக்கை வேண்டும். அங்கே ஆறுகள் மலையில் தொடங்கிக் கடலுக்கு இறங்குவதில்லை, பெரும்பாலும் கடல்மட்டத்திலேயே கிடக்கின்றன. பாலைவனத்துக்கும் பனிநிலத்துக்கும் அட்சரேகை காரணமில்லை, ஏனென்றால் அட்சரேகையே இல்லை. பருவங்களும் இல்லை, சூரியன் தினமும் நேர் கிழக்கில்தான் உதிக்கிறது. உலகம் தட்டை என்பதால்தான் பிதாகரஸ் எவ்வளவு தூரத்துக்கும் பிசகாமல் வேலை செய்கிறது. அந்தத் தட்டை உலகத்தின் பக்கம் 6 கோடி பிளாக், 60,000 கிலோமீட்டர். பூமியின் மொத்தப் பரப்பைப்போல் ஏழு மடங்கு.

தீவு மாதிரி சரியாக வந்துவிட்டால் அடுத்து பிளாக்குக்கு 1 கிலோமீட்டர் என்று போகலாம். அடித்தட்டுக்கு மட்டும் 65,610 பிளாக், உயர அளவை 50 மீட்டராக மாற்றினால் மிகைப்படுத்தல் அதே 20 மடங்கில் நிற்கும், உச்சி 50 தட்டு வரும். கையால் வைக்க முடியாது, ஃபில் கட்டளை வேண்டும். இரு எதிர்மூலைகளின் ஆயத்தொலைவுகளைக் கொடுத்தால் நடுவிலுள்ள பெட்டி முழுவதையும் அது நிரப்பும். ஒருமுறைக்கு 32,768 பிளாக் என்பது அதன் வழக்கமான வரம்பு, 32இன் கனம். தீவு செவ்வகமாக இல்லாததால் வடக்கிலிருந்து ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு பட்டையாக, இடது கரை எக்ஸ், வலது கரை எக்ஸ் என்று இரண்டு எண்களைத் தாளில் எழுதிக்கொண்டு 435 பட்டைகளாக நிரப்புங்கள். குடாநாட்டிலும் மன்னாரிலும் கடல் குறுக்கிடுவதால் சில வரிகளுக்கு இரண்டு பட்டை தேவைப்படும்.